வெள்ளவத்தைக்கு வயது கூட்டிய டேட்ஸ்பேக் மாஸ்டர்

கொழும்பு வெள்ளவத்தையின் வயதைத் தனி ஆளாக நின்று முந்நூறு வருடம் கூட்டிய மனிதர் ஒருவர் இருக்கிறார் என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். அவர் சொல்லச் சொல்ல டைப் பண்ணியவளே நான்தான். அவர் பேனாவைத் திறப்பதற்கு முன்னால் காலி நகரத்துக்குப் போகிற காலி வீதியில் இருந்த கடைகள் எல்லாம் வெறும் கடைகள். இடியப்பக் கடை, சலூன், சாவி வெட்டுகிற பெட்டிக்கடை, அவ்வளவுதான். அவர் எழுதத் தொடங்கிய பிறகு அவற்றில் பாதி ஒல்லாந்தர் காலத்துக்குப் போய்விட்டன. மீதிப் பாதி ஒல்லாந்தரையும் தாண்டிப் போர்த்துக்கீசரிடம் போய் நின்றன.

அப்போது நான், கடலை நோக்கி இறங்குகிற ஓர் ஒழுங்கையில் ஹனீபா நானாவின் கொமியூனிகேஷனில் வேலை செய்தேன். போட்டோக்கொப்பி, லெமினேட், கலியாணக் காட், ஈமெயில் என்று எல்லாவற்றையும் பத்தடிக்குப் பத்தடிக்குள் செய்கிற கடை. காலையில் கடை திறந்து அரை மணி நேரத்தில் ஒரு குடை முதலில் உள்ளே வரும். அதன் பின்னால் முழுக்கைச் சட்டையும், சட்டைப்பையில் பச்சை மைப் பேனாவும், நன்றாக எண்ணெய் வைத்து வாரிய தலையுமாக மாஸ்டர் வருவார். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் அவருக்கென்றே இருந்தது. அதில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் எதுவும் சொல்லமாட்டார். அந்த ஆள் எழும்பும்வரை அவருடைய ஆங்கிலத்தைத் திருத்திக்கொண்டே இருப்பார். ஐந்து நிமிடத்துக்கு மேல் யாரும் தாக்குப்பிடித்ததில்லை.

அவர் எங்கே படிப்பித்தார், படிப்பித்தாரா என்பதே யாருக்கும் தெரியாது. ஆனால் ஊருக்கு அவர் மாஸ்டர். கடைக்காரர்கள் வெள்ளைக்கார உல்லாசப் பயணிகளுக்காக ஆங்கிலத்தில் ஒரு துண்டுப் பிரசுரமோ மெனு அட்டையோ அடிக்க வேண்டுமென்றால் அவரிடம்தான் வருவார்கள். அவர் எதை எழுதினாலும் இரண்டாவது வரிக்குள் 'டேட்ஸ் பேக் டு' என்று ஒன்று வந்துவிடும். இன்ன காலத்திலிருந்து இருக்கிறது என்று அர்த்தம். அதனால் முதுகுக்குப் பின்னால் டேட்ஸ்பேக் மாஸ்டர். போகப் போக முகத்துக்கு நேரேயும் அதுவே ஆயிற்று. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பட்டம் கிடைத்தவர் போலத் தலையை லேசாக ஆட்டிக்கொள்வார்.

"பிள்ளை, வெள்ளைக்காரனுக்கு ருசி நாக்கில இல்லை, வருஷத்தில இருக்கு" என்பார். "நல்ல இடியப்பம் எண்டு எழுதினால் அவன் திரும்பியும் பாரான். முந்நூறு வருஷத்து இடியப்பம் எண்டு எழுதும், ஊசிப்போனாலும் தின்னுவான்."

இதில் அவருக்கு ஒரு சட்டப்புத்தகமே இருந்தது. 'டேட்ஸ் பேக்' கட்டடத்துக்கும் கல்லுக்கும் மட்டும். வழக்கத்துக்கு 'கோஸ் பேக்'. சாப்பாட்டுக்கு 'ஹேஸ் இட்ஸ் ரூட்ஸ்', வேர் இருக்கிறதாம். மனிதர்களுக்கு 'ட்ரேசஸ் இட்ஸ் லினியேஜ்', வம்சாவளி. இவை நான்கிலும் அகப்படாத ஆசாமிகளுக்கு 'ஃப்ரொம் டைம் இம்மெமோரியல்'. நினைவுக்கு எட்டாத காலந்தொட்டு. "இதை ஒருத்தரும் செக் பண்ண ஏலாது" என்று சொல்லிக் கண்ணைச் சிமிட்டுவார். ஒன்றை எடுத்து மற்றதின் இடத்தில் வைத்தால் அவருக்குச் சாமி வந்துவிடும். ஒரு நாள் நான் தெரியாத்தனமாகச் சம்பலுக்கு 'டேட்ஸ் பேக்' போட்டுவிட்டேன். "சம்பல் என்ன கோட்டைச் சுவரா?" என்று கத்திய கத்தில் கொப்பி எடுக்க வந்த ஒரு பெண் மிச்சக் காசையும் வாங்காமல் போய்விட்டாள்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். மாஸ்டர் பொய் எழுதமாட்டார். அதுதான் அவருடைய கர்வம். கடைக்குள் போவார், குடையை மூலையில் சாத்துவார், அந்தக் கடையில் ஆகப் பழைய பொருள் எது என்று தேடுவார். அந்தப் பொருளின் வயதுதான் கடையின் வயது. இடியப்பக் கடையில் அகப்பட்டது ஓர் ஆட்டுக்கல். உடனே கடை ஒல்லாந்தர் காலம்.

"மாஸ்டர், கடை தொடங்கி ஒம்பது வருசம்தானே?" என்றார் கடைக்காரர், பயந்துபோய்.

"கல்லு எத்தனை வருஷம்?"

"தெரியாதே."

"ஒல்லாந்தன் வரேக்க கல்லு இருந்ததா, இல்லையா?"

"கல்லு எப்பவும் இருந்திருக்கும்தானே."

"பிறகென்ன? எழுதும் பிள்ளை."

சலூனில் இன்னும் லேசாகப் போயிற்று. அங்கிருந்த சுழல் நாற்காலியின் கால்மிதியில் இங்கிலாந்தில் செய்தது என்று இரும்பிலேயே எழுத்து இருந்தது. சலூன் பிரிட்டிஷ் காலத்துக்குப் போய்விட்டது. அந்தக் கடதாசியைக் கண்ணாடியில் ஒட்டிய மறுவாரமே முதுகுப்பையுடன் வெள்ளைக்காரப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். நாற்காலியில் ஏறி இருப்பார்கள், படம் எடுப்பார்கள், இறங்கிப் போவார்கள். உண்மையாகத் தலைமுடி வெட்ட வந்தவர்கள் பெஞ்சில் காத்திருந்து காத்திருந்து தாடியும் வளர்ந்து போனார்கள். சலூன்காரர் கத்தரிக்கோலும் கையுமாக எங்கள் கடைக்கே வந்து நின்று, "மாஸ்டர், ஒரு நூறு வருசத்தைக் குறைச்சுத் தாங்கோவன்" என்று கெஞ்சியது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

அவருடைய திறமை முழுசாக வெளிப்பட்டது ஜூஸ் கடையில்தான். திறந்து பதினொரு நாள் ஆன கடை. கதிரை பிளாஸ்டிக், மேசை பிளாஸ்டிக், சுவரில் தொங்கிய பூவும்கூட பிளாஸ்டிக். மாஸ்டர் ஒரு பின்னேரம் முழுக்கத் தேடினார். மேசையைக் கவிழ்த்துப் பார்த்தார், சமையல் மேடைக்குக் கீழே குனிந்து பார்த்தார். கடைசியில் வாசலுக்கு வந்து கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கரையோர ரயில் போய் முடிந்ததும் திரும்பி, இந்த நிறுவனத்தின் கடற்காற்று போர்த்துக்கீசர் காலத்துக்குச் செல்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். முற்றுப்புள்ளியையும் சேர்த்துத்தான் சொன்னார். எப்போதும் அப்படித்தான் சொல்வார்.

"ஏன் மாஸ்டர், போர்த்துக்கீசருக்கு முந்திக் காத்து வரேல்லையா?" என்று கடைக்காரப் பையன் கேட்டான்.

"வந்தது. வெள்ளைக்காரன் எழுதி வைக்கேல்லை."

தன்னைப் பற்றிக் கேட்டாலும் அதே பாஷைதான். விடுதியில் தங்கியிருந்த இங்கிலாந்துக்காரப் பெண் ஒருத்தி, எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறீர்கள் என்று மரியாதைக்காகக் கேட்டாள். வெள்ளவத்தையில் என் இருப்பு தொலைக்காட்சிக்கு முந்திய யுகத்திலிருந்து தொடங்குகிறது என்றார் மாஸ்டர், ஆங்கிலத்தில், மூச்சு விடாமல். அவள் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போனாள்.

இந்த ஆங்கிலத்துக்கு ஹனீபா நானா கொடுத்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. நானாவுக்கு ஆங்கிலம் பேச வரும், வாசிக்க அவ்வளவாக வராது. ஒரு தடவை வேறு யாரோ எழுதிக் கொடுத்த மெனுவை அப்படியே அடித்து, அதில் கோழிக்கறி இருக்கவேண்டிய இடத்தில் கோழியின் உடன்பிறப்புகள் என்று வந்து, கடைக்காரர் நூறு அட்டைகளையும் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் போட்டாராம். அன்றிலிருந்து நானா ஒரு சட்டம் போட்டார். மாஸ்டர் வாசித்துப் பார்த்து, மூலையில் பச்சை மையில் ஒரு சின்னக் கையெழுத்து வைக்காத எந்த ஆங்கிலமும் அந்தக் கடையை விட்டு வெளியே போகாது. ஈமெயில்கூட, முதலில் அச்சடித்து, பச்சைக் கையெழுத்து வாங்கி, ஸ்கேன் பண்ணித்தான் அனுப்புவார். "பச்சை ஈந்தா பாதை கிளியர்" என்பார் நானா.

கொட்டாஞ்சேனை பேக்கரி விஷயத்தில்தான் மாஸ்டர் மாட்டுப்பட்டார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். பேக்கரி முதலாளி பின்சுவரை உடைத்து, பாண் சுடுகிற புது அடுப்பு, போறணை, வைக்க இருந்தார். அந்த நேரம் பார்த்து, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற ஏதோ ஓர் அலுவலகத்து உத்தியோகத்தர் மீன் பணிஸ் சாப்பிட வந்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்த கடதாசியை வாசித்தார். இந்த நிறுவனம் ஒல்லாந்தர் காலத்தது. பணிஸைப் பாதியில் வைத்துவிட்டு அளவு நாடாவை எடுத்தார். விசாரணை முடியும்வரை ஒரு செங்கல்லைக்கூட அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் மீதிப் பாதியைச் சாப்பிட்டார்.

மறுநாள் எல்லோரும் பேக்கரியில் கூடினோம். முதலாளி மாஸ்டரைப் பார்த்த பார்வையில் பாண் கருகியிருக்கும்.

"கவுத மேக லிவ்வே?" என்றார் உத்தியோகத்தர். யார் இதை எழுதியது என்று சிங்களத்தில் கேட்கிறார்.

"மம, மாத்தயா", நான்தான் ஐயா, என்று மாஸ்டர் குடையை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

எந்தச் சுவர் என்று கேட்க, சுவரே இல்லை என்றார் மாஸ்டர். கதவு காற்றுக்கு அடிக்காமலிருக்க முதலாளி கீழே வைத்திருந்த ஒற்றைச் செங்கல்லைச் சுட்டிக் காட்டினார். உத்தியோகத்தர் முழந்தாளிட்டு அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பைக்குள்ளிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தும் பார்த்தார். அவருடைய முகம் மாறிவிட்டது. உண்மையிலேயே அது ஒல்லாந்தர் செங்கல். அதைப் பேப்பரில் சுற்றி, பிறந்த குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தடை நீங்கியது, பின்சுவரை உடைத்துப் போறணையும் வந்தது. கதவுக்கு முட்டுக் கொடுக்க முதலாளி ஒரு மாவு டின்னைத் தேடவேண்டியிருந்தது.

"பார்த்தீரா? நான் பொய் எழுதுறேல்லை" என்று மாஸ்டர் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கண்டக்டரிடமும் சொன்னார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். கொள்ளுப்பிட்டியில் ஒரு வங்கியில் வேலை செய்த சுதன் என்பவர் ஒரு நாள் ஒரு படிவத்தைக் கொப்பி எடுக்க வந்தார். மறுநாள் அதே படிவம். அதற்கு மறுநாளும் அதே படிவம். ஐந்தாம் நாள் நானா என் காதருகே குனிந்து, "புள்ள, அந்தத் தம்பிட பேங்க்ல கொப்பி மெஷினே இல்லையா?" என்றார். இல்லாமலென்ன, ஒவ்வொரு மாடியிலும் ஒன்று இருந்தது. இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

சுதன் வீட்டார் யாழ்ப்பாணத்து ஆட்கள், வெள்ளவத்தையில் இருபது வருடமாகக் குடியிருந்தார்கள். அவருடைய அம்மா என்னைக் கூப்பிட்டு, கேக்கும் ரோல்ஸும் தந்து, மிகவும் மரியாதையாகத்தான் கதைத்தார்.

"பிள்ளைக்கு எந்த இடம்?"

"கொட்டாஞ்சேனை அன்ரி. ஜிந்துப்பிட்டி."

"அது இப்ப இருக்கிற இடம். சொந்த இடம்?"

"அம்மா ஹட்டன் பக்கம். தோட்டம்."

"ஓ" என்றார். அந்த ஓ ஒரு நிமிடம் நீடித்தது. பிறகு, எல்லாவற்றையும் தீர்மானிப்பது லண்டனில் இருக்கிற தன் அண்ணன்தான் என்றார். தகப்பன் இல்லாத குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவராம். அவர் ஓம் என்றால் ஓம். அவருடைய பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது, ஆகவே பயோடேட்டா ஆங்கிலத்தில் வேண்டும், அதில் குடும்பத்தின் பூர்வீகம் என்று ஒரு பகுதி கட்டாயம் வேண்டும். மாதிரிக்கென்று சுதனின் ஒன்றுவிட்ட அண்ணனுடைய பயோடேட்டாவைக் கையில் தந்தார். மூன்று பக்கம். வம்சாவளி யாழ்ப்பாண ராசாக்கள்வரை போனது.

அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. சுதனை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஆளில்லாமல் இருக்க ஏலாது என்ற கட்டத்துக்கு வந்துவிட்டிருந்தேன். காலையில் விஷயத்தைக் கேட்ட நானா கைகொட்டிச் சிரித்தார்.

"இதுக்கா புள்ள அழுற? மாஸ்டர் ஈக்கிறாரே! ஜூஸ் கடைக்கே போர்த்துக்கீசனக் கூட்டியந்த மனிசன், ஒனக்கு ஒரு ராசாவ எடுத்துத் தரமாட்டாரா?"

எனக்கும் உயிர் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் குடையுடன் எங்கள் ஜிந்துப்பிட்டி வீட்டுக்கு வந்தார். இரண்டு அறை வீடு. முருகன் கோயில் மணி அடித்தால் எங்கள் வீட்டுப் பாத்திரம் அதிரும். வந்தவர் வழக்கம்போலக் குடையைச் சாத்திவிட்டுத் தேடத் தொடங்கினார். குத்துவிளக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"அது மூத்தவ பொறந்தப்ப வாங்குனதுங்க" என்றாள் அம்மா.

அம்மியைப் பார்த்தார். "அது பக்கத்து வீட்டுக்காரங்க போறப்ப குடுத்தாங்க."

டிரங்குப் பெட்டி, சுவர்க்கடிகாரம், சாமி படம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். எதுவும் அகப்படவில்லை.

"ஒண்ணும் கெடைக்காதுங்க மாஸ்டர்" என்றாள் அம்மா. "எல்லாம் எம்பத்து மூணு கலவரத்துக்கு அப்புறம் வாங்குனதுதாங்க. ஒரு கரண்டிகூட மிஞ்சல."

மாஸ்டர் கையிலிருந்த சாமி படத்தைத் துடைத்து, இருந்த ஆணியிலேயே மாட்டினார். ஏன் என்று கேட்கவில்லை. கொழும்பில் இருக்கிற எவரும் அதைக் கேட்கமாட்டார்கள். கதிரையை இழுத்துப் போட்டு அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"அப்ப நீங்கள்?" என்றார்.

"நானா? நான் அதுக்கு முந்தியே இருக்கேங்க."

"அப்ப நீங்கள்தான் இந்த வீட்டில ஆகப் பழசு. சொல்லுங்கோ அம்மா."

அம்மா சொல்லத் தொடங்கினாள். சொன்னால் பரவாயில்லை, எதையும் விடாமல் சொன்னாள். பதினாறு வயதில் ஹட்டனில் ரயில் ஏறியது, கோட்டை ஸ்டேஷனில் இறங்கியது, இதே வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்தது. நான் தேநீருடன் வந்து மாஸ்டரின் முதுகுக்குப் பின்னால் நின்று, போதும் போதும் என்று கண்ணால் காட்டினேன். கையாலும் காட்டினேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. அவளிடம் யாரும் இதையெல்லாம் உட்கார்ந்து கேட்டதில்லை. இரண்டு தரம் தேநீர் ஆறி, மூன்றாம் தரம் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த நாள் கடையில் மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். நான் விரல்களை எழுத்துகளின் மேல் வைத்துக்கொண்டு ராசாவுக்காகக் காத்திருந்தேன். 'த ஃபேமிலி டேட்ஸ் பேக் டு' என்றார். நிறுத்தினார். ரயில் ஒன்று போயிற்று. 'எ கேர்ள் ஒஃப் சிக்ஸ்டீன்' என்று முடித்தார். பதினாறு வயதுப் பெண் ஒருத்தியிலிருந்து.

"மாஸ்டர், 'டேட்ஸ் பேக்' கட்டடத்துக்குத்தானே?"

"தெரியும். அடியும்."

அடித்தேன். அடுத்த வரியில் சமையல் வேலை வந்தது. என் விரல் நின்றுவிட்டது. எழும்பி நின்று கத்தினேன். என் வாழ்நாளில் ஒரு பெரியவரிடம் அப்படிக் கத்தியதில்லை.

"ஆட்டுக்கல்லுக்கு ஒல்லாந்தர், ஜூஸ் கடைக்குப் போர்த்துக்கீசர், எனக்கு மட்டும் வேலைக்காரியா? ஒரு நூறு வருசம் தந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சு போயிரும்?"

மாஸ்டர் பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார். பிறகு மெல்லச் சொன்னார்.

"பிள்ளை, அந்தக் கடையளை ஒருத்தரும் கலியாணம் கட்டப் போறேல்லை. உம்மை ஒருத்தன் கட்டப் போறான்."

மிச்சத்தை அழுதுகொண்டே அடித்துக் கொடுத்தேன். ஏழே வரி. அவர் மூலையில் பச்சைக் கையெழுத்து வைத்துவிட்டு, அன்று பிளேன்டீகூடக் குடிக்காமல் போனார். நான் சும்மா இருப்பேனா? அவரிடம் படித்த வித்தையை அவரிடமே காட்டினேன். உட்கார்ந்து, தஞ்சாவூர் அரண்மனை வைத்தியர் பரம்பரை என்று ஒன்றரைப் பக்கம் நானே எழுதினேன். அம்மாவுக்குத் தஞ்சாவூர் என்றால் தலையாட்டிப் பொம்மை மட்டும்தான் தெரியும். அதை அச்சடித்து, லண்டனுக்கு ஈமெயில் அனுப்பச் சொல்லித் தட்டில் வைத்தேன். மாஸ்டரின் தாளைக் கசக்கி மேசைக்குக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை நானா பெருமையாக நின்றார். "அனுப்பிட்டன் புள்ள. ஒண்ட தட்டுல ஈந்த பேப்பர்ல மாஸ்டர்ட கையெழுத்து இல்ல. எங்க போன எண்டு தேடினா, பச்சை வச்சது கீழ வுழுந்து கசங்கிக் கெடக்குது. தண்ணி தெளிச்சு, அயன் பண்ணி, ஸ்கேன் பண்ணித்தான் அனுப்பின."

கோபத்தில் நானாவின் பச்சைச் சட்டத்தையே மறந்துபோயிருந்தேன். அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். நானா எனக்கு வெயில் பிடித்துவிட்டது என்று நினைத்து சோடா வாங்க ஓடினார்.

அந்த ஒரு வாரத்தை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். மாஸ்டருடன் பேசவில்லை. அவர் வந்து சொல்வதை அடித்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். அவரும் கமாவும் முற்றுப்புள்ளியும் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. சுதன் தினமும் வந்தார், லண்டனிலிருந்து பதில் இல்லை என்றார், போனார். எட்டாம் நாள் கடையின் போன் அடித்தது. நானா எடுத்து, கண்ணை அகல விரித்து, "லண்டன்" என்று என் கையில் தந்தார்.

"பிள்ளை, உதை ஆர் எழுதினது?" கரகரத்த குரல்.

"இங்க ஒரு மாஸ்டர்..." என்றேன்.

"நான் எங்கட குடும்பத்துக்கு ஒரு முப்பது நாப்பது பயோடேட்டா பார்த்திட்டன். எல்லாரும் ராசா வீட்டு ஆக்கள். அந்தக் காலத்தில வயல் உழுதது ஆரெண்டுதான் எனக்கு இண்டைக்குவரை விளங்கேல்லை." கொஞ்ச நேரம் சிரித்தார், பிறகு இருமினார். "லண்டனுக்கு வந்து முதல் ஆறு வருஷம் நான் ஹோட்டலில கோப்பை கழுவினனான். எங்கட மூண்டு பக்கத்தில எங்கையும் அது இல்லை. எழுத விடேல்லை, நான்தான். அம்மா பக்கத்தில இருக்கிறாவா? ஒருக்காக் கதைக்கலாமா?"

அம்மாவின் நம்பரைக் கொடுத்தேன். அன்று பின்னேரம் இருவரும் ஒரு மணி நேரம் கதைத்தார்கள். சமையலறையில் எந்தச் சட்டி அடிப்பிடிக்கும், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினோம் என்றெல்லாம் கதைத்தார்களாம். கலியாணத்தைப் பற்றிக் கடைசி இரண்டு நிமிடம்தான். தேதி பார்க்கச் சொல்லிவிட்டார்.

போனை வைத்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டாள். "அந்தாளு அழுவுறாருடி. அந்தப் பேப்பர்ல அப்படி என்னதான் எழுதியிருக்கு? வாசி, கேப்போம்."

நானா அயன் பண்ணித் தந்த தாள் என் கைப்பையில் இருந்தது, அப்போதுதான் அதை முதல் தடவையாகக் கோபமில்லாமல் வாசித்தேன். தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். 'இந்தக் குடும்பம், ஹட்டன் ரயிலில் ஏறிக் கோட்டையில் இறங்கிய பதினாறு வயதுப் பெண் ஒருத்தியிலிருந்து தொடங்குகிறது. அவள் வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் ஐந்து வருடம் சமைத்தாள். துறைமுகத் தொழிலாளி ஒருவரை மணந்தாள். அவர்களுடைய வீடு எரிந்தது. இன்னொன்றைக் கட்டினார்கள். கணவர் காலமான பின் தையல் மெஷினை வைத்து இரண்டு பெண்களைப் படிக்க வைத்தாள். இதற்கு முந்திய வரலாற்றை எழுதி வைக்க இக்குடும்பத்தில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை.'

அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

"அஞ்சு வருசம் இல்லடி, ஆறு. திருத்தச் சொல்லு" என்றாள். பிறகு, "அந்த மனுசனுக்கு வீட்டுல யாரு ஆக்கிப் போடுறா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடம் ஒரே கடையில் அருகருகே இருந்து வேலை செய்தும் அதைக் கேட்கத் தோன்றவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாள் மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் அதற்கு இடமே தரவில்லை. ஐந்தா ஆறா என்று கேட்டு, பச்சைப் பேனாவை எடுத்துத் திருத்தி, பக்கத்தில் புதுத் தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்தார். அம்மா ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னாள் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, சரி என்றார், வழக்கமான ஆங்கிலம் எதுவும் இல்லாமல், வெறும் தமிழில்.

கலியாணம் ஆகிப் பன்னிரண்டு வருடமாகிறது. அம்மா இப்போது எங்களுடன் வெள்ளவத்தையில்தான். மாஸ்டருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, கண் கொஞ்சம் மங்கல், ஆனால் குழம்பில் உப்புக் குறைந்தாலும் என் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் குறைந்தாலும் உடனே பிடித்துவிடுவார். அம்மா அவரைத் திட்டிக்கொண்டே மேலும் ஒரு அகப்பை போடுவாள்.

இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை. மணி பன்னிரண்டேகால் ஆகிறது, அம்மா மூன்று தடவை பல்கனிக்குப் போய் ஒழுங்கையை எட்டிப் பார்த்துவிட்டாள். பிள்ளைகள் பசி என்கிறார்கள். இருக்கட்டும், மாஸ்டர் வராமல் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு போடுவதில்லை.